சாஞ்சி ஒக்காராதீங்க, ஃபாதர்

சாஞ்சி ஒக்காராதீங்க, ஃபாதர். இடுப்புக்கு நல்லதில்ல, அதான் சொல்றேன். நீங்க இந்த ரெங்கம் ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தானே ஆவுது, இந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டு உங்களுக்கு இன்னும் பழகல. நான் சனிக்கிழம தவறாம இங்க வந்து முட்டி போடுறவன். லியோனார்ட். ஃபேக்டரியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற லியோனார்ட்.

பாவத்துக்கு வரதுக்கு முன்ன மரத்தப் பத்திக் கொஞ்சம் பேசணும்.

எனக்குப் பழைய உகுலேலேன்னா உசுரு. நாலு கம்பி போட்ட குட்டி கிட்டார், நீங்க பார்த்திருப்பீங்க. குளுவாங் டவுன்ல செகண்ட்ஹேண்ட் சாமான் விக்கிற பண்டல் கடைங்கள்ல பழைய துணி, பழைய பொம்மைக்கு நடுவுல, வயிறு பொளந்து, முறுக்காணி ஒடைஞ்சி கெடக்கும். பார்த்துட்டு எப்படி சும்மா வர்றது, மனசு கேக்காதுலா. வீட்டுக்குக் கொண்டாந்து தொடச்சி, விரிசலுக்கு உள்பக்கம் சின்னச் சின்ன மரச் சில்லு ஒட்டி, பசை காயிற வரைக்கும் கிளிப்பு போட்டு வச்சிருப்பேன். புதுக் கம்பி மாட்டி மொத தடவ மீட்டும்போது ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்காக எதையும் செய்யலாம். எதையும்னா எதையும்.

சிக்கல் என்னன்னா, ஒட்டுற மரம் பழசா இருக்கணும். கடையில வாங்குற புதுப் பலக நம்ம ஊரு மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், ஒட்டுன எடத்துல இருக்கிற நல்ல மரத்தையும் பொளந்துரும். நல்லாக் காஞ்ச மெராந்தி மரம் வேணும். காத்து படணும், மழ படக்கூடாது, யாரும் கண்ட எடத்துல ஆணி அடிச்சிருக்கக்கூடாது. அப்படி ஒரு மரம் இந்த வட்டாரத்துல எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

மொதல்ல வேணும்னு செய்யல. ஒரு சனிக்கிழம முட்டி போட்டிருந்தப்ப வெரலு சும்மா இருக்காம இந்தக் கூண்டுப் பலகையத் தட்டுச்சி. என்ன ஒரு நாதம். ஓரச் சட்டம் ஒண்ணு ஆடிக்கிட்டு வேற இருந்துச்சி. விழுந்து யாருக்காச்சும் அடி பட்டுட்டா என்ன பண்றது? கழட்டி சட்டைக்குள்ள வச்சிக்கிட்டேன்.

அப்புறம் வாராவாரம் ஆயிடுச்சி. இங்க வர்றதுக்குப் பாவம் வேணும்ல, கைவசம் இருந்ததெல்லாம் தீந்துபோச்சி. இல்லாத பாவத்த சொல்ல ஆரம்பிச்சேன். பொய் சொல்றது பாவம்தானே, அத அடுத்த வாரம் வந்து சொல்லிடுவேன். அந்த விஷயத்துல நான் நேர்மையானவன். முதுகுல பலகைய வச்சி சட்டையப் போட்டு மூடிட்டா குனிய முடியாது. கோயில்ல எல்லாரும், "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தா லியோனார்ட் எப்படி நிமிந்து நடக்குறாரு பாருங்க"ன்னு பேசிக்குவாங்க. அவங்க விசுவாசத்த நான் எதுக்குக் கெடுக்கணும்.

எடுத்த எடத்த சும்மாவும் விடல. அட்டப் பெட்டிய வெட்டி, கோப்பிக் கலர் பெயிண்ட் அடிச்சி ஒட்டியிருக்கேன். இப்ப உங்க தோளுக்குப் பின்னால இருக்கிறதும் அட்டதான். அதான் சாய வேணாம்னு சொன்னேன்.

போன சனிக்கிழம நடந்தது உங்களுக்கே தெரியும். என் வீட்டுக்காரி அந்தோணியம்மாள் உங்ககிட்ட பாவம் சொல்லிக்கிட்டே, முட்டி வலிக்குதுன்னு பக்கத்துப் பலகையில கைய ஊனுனா. பலக அவளோட சேந்து வெளிய போயிடுச்சி. பாதிதான் சொல்லியிருந்தாளா, மீதி பாவமும் வெளியதான் வந்துச்சி. "ஷர்மைன் பாடுனா தகரத்த ரோட்டுல இழுக்கிற மாதிரி இருக்குன்னு மனசுல நெனச்சிட்டேன், ஃபாதர்." கொயர் நடத்துற ஷர்மைன் வரிசையில மொத ஆளா நின்னுக்கிட்டு இருந்தா.

நான்தான் மொதல்ல ஓடுனேன். அவளத் தூக்கத்தான் ஓடுறேன்னு எல்லாரும் வழி விட்டாங்க. நான் அட்டையத் தூக்கிட்டுப் போயி கார் பூட்டுல போட்டுப் பூட்டிட்டேன். திரும்பி வரதுக்குள்ள அவளே எழுந்துட்டா.

அட்டைய யாரும் சரியாப் பாக்கல. "இத்தன வருஷம் நின்ன கூண்டு, அந்தோணியம்மா கனத்த எப்படித் தாங்கும்"னு சொல்லிச் சிரிச்சாங்க. அன்னையிலருந்து அவ சோத்தத் தொடுறதில்ல. வெறும் வெள்ளரிக்காதான். "ஏங்க, நான் அவ்ளோ குண்டாவா இருக்கேன்?"னு என்னையக் கேட்டா. "கொஞ்சம் கொறைச்சா நல்லதுதான்லா"ன்னேன். அவ பங்கு நாசி லெமாக், அந்தத் தேங்காப்பால் சோத்தையும் நானே சாப்பிட்டு முடிக்கிறேன். சாப்பாட்ட வீணாக்குறது பாவம்.

நேத்து பெட்டியில துணி அடுக்கிட்டா. இந்தக் கோயில் வாசல இனி மிதிக்க மாட்டாளாம், பாலோ ஊர்ல இருக்கிற தங்கச்சி வீட்டோட போயிடுறாளாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. கல்யாணம் ஆனதுலருந்து அவ பாடுவா, நான் மீட்டுவேன், எங்க வீட்டுல வேற சொத்து கெடையாது. அவ போயிட்டா நான் யாருக்கு வாசிக்கிறது. பாத்ரூம்ல போயி அழுதேன், ஃபாதர்.

நீங்க சொல்றது சரிதான், எல்லார் முன்னாலயும் நின்னு உண்மைய ஒத்துக்கணும். ஒத்துக்கிறேன். திருடுனது நான். என் பொண்டாட்டிய விழ வச்சது நான். பழி அவ மேல கெடக்கட்டும்னு வாய மூடிக்கிட்டு இருந்ததும் நான்தான். நாளைக்கு பூசையில மைக்கப் புடிச்சே சொல்லிடுறேன். இந்தக் கூண்டுல இனிமே ஒரு சில்லக்கூட தொட மாட்டேன், சத்தியம்.

ஆனா வெறுங்கையோட போயி அவகிட்ட மன்னிப்பு கேட்டா நல்லா இருக்காதுல்ல. இத்தன உகுலேலே சரி பண்ணியும் அவளுக்குன்னு ஒண்ணு குடுத்ததில்ல. அலமாரியில ஒண்ணு ரெடியா இருக்கு, பின்பக்கம் மட்டுந்தான் இல்ல. அதுக்கு முடிச்சில்லாத அகலப் பலக ஒண்ணு வேணும், மெல்லிசா அறுத்துக்கலாம். கூண்டு முழுக்கப் பார்த்துட்டேன், எல்லாம் அட்டையாத்தான் இருக்கு. ஒரே ஒரு நல்ல பலகதான் பாக்கி.

கொஞ்சம் எழுந்திரிங்க, ஃபாதர்.