மரத்துப்போக அரை மணி நேரம்

— இந்த ஊசியா மாப்ள உள்ள போகும்?

— தோலுக்கு அடியில கொஞ்சந்தான் மாமா. நெல்லு முனை அளவுகூடப் போகாது.

— நெல்லு குத்தினாலே எனக்கு... சரி விடு. எங்கன பாத்து உக்கார?

— எங்கனயும் பாருங்க. கையை மட்டும் ஆட்டாதீங்க. கிரீம் தடவியிருக்கேன். மரத்துப்போக அரை மணி நேரம் ஆகும்.

— அரை மணி நேரமா... நல்லதுதான்.

— வேர்த்து ஊத்துது உங்களுக்கு. வீட்டுக்குப் போங்க மாமா. நாளைக்குக் கடை திறக்கும்போது வந்து தேங்கா உடைங்க. அது போதும்.

— போணி நான்தான். வெத்தலைக்கடையில முப்பது வருஷமா எவன் எவனுக்கோ முதல் கவுளி எண்ணிக் கொடுத்த கை இது. என் மருமவன் கடைக்கு எவனோ ஒருத்தன் வந்து முதல் ஆளாத் தேளு படத்தைப் பச்சை குத்திட்டுப் போகவா?

— அதுக்கில்ல...

— எம்மவ தையல் மிஷின் போட்டிருந்த ரூம் இது. மூணு வருஷமா பூட்டிக் கிடந்துச்சு. உனக்குன்னுதான் திறந்தேன். இங்கன அவ பேருதான் முதல்ல விழணும்.

— சரி. முழுப்பேரா? சண்முகப்ரியா?

— எவ்வளவு நேரம் ஆகும்?

— முக்கால் மணி நேரம்.

— ப்ரியா மட்டும்?

— இருபது நிமிஷம்.

— ப்ரியா போதும். அப்படித்தான கூப்பிடுவோம்.

— பயமா இருக்கா மாமா?

— யாருக்கு? ... அது கிடக்கட்டும். விசைப்படகுக்குப் பேரு எழுதிக்கிட்டு அலைஞ்சவன் நீ. இதை எங்கன படிச்ச?

— பர்னபாஸ் அண்ணன் கடையில. ஆறு மாசம் தரை தொடச்சேன். அப்புறந்தான் மிஷினைக் கையில கொடுத்தாரு.

— பழகுறதுக்கு எவன் தோலைக் கொடுத்தான்?

— எவனும் கொடுக்கல. என் தொடையிலதான் பழகினேன். முதல்ல ஒரு நங்கூரம்.

— அது நங்கூரமா? நீ சாரத்த மடிச்சுக் கட்டும்போது பாத்திருக்கேன். இறாலுன்னுல்லா நினைச்சேன்.

— ப்ரியாவும் அதான் சொன்னா.

— சொல்லுவா... சொல்லுவா. ஆமா, அந்தக் கடையை ஏன் விட்ட? நல்லாத்தான ஓடுச்சு.

— அவருதான் போகச் சொல்லிட்டாரு. வாரவன்கிட்ட நான் ஒரு கேள்வி கேப்பேன். சில பேரு திரும்பிப் போயிருவான். ‘ஏலே கண்ணா, நீ கடை நடத்துதியா, கோர்ட்டு நடத்துதியா’ன்னாரு. ரெண்டாவதா சேந்த கடையிலயும் இதே கதைதான். தனியாப் போட்டாத்தான் கேக்க முடியும்னு ஆயிட்டு.

— அப்படி என்னடே கேள்வி?

— இந்தப் பேப்பர்ல இருக்கு. வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

— கண்ணாடி எடுத்துட்டு வரல. நீயே வாசி.

— சுகர் இருக்கா?

— இல்ல.

— பிரஷர்?

— உன்னையப் பாத்தா மட்டும் ஏறும். அடுத்தது.

— டாட்டூ போட்டா ஒரு வருஷத்துக்கு யாருக்கும் ரத்தம் கொடுக்க முடியாது. வீட்டுல ஆபரேஷனோ, பிரசவமோ இருக்கா?

— இதையா எல்லார்கிட்டயும் கேக்குத?

— பொண்டாட்டி மாசமா இருக்கான்னு ஒருத்தன் சொன்னா, நான் ஊசியைத் தொட மாட்டேன். பிள்ளை பொறக்கட்டும், அப்புறம் வான்னு அனுப்பிருவேன்.

— எதுக்கு?

— பிரசவத்தன்னைக்கு ப்ரியாவுக்கு ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ், லேசுல கிடைக்காத குரூப்பு. திருநெல்வேலியில இருந்து ரத்தம் வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. என் குரூப்பு சேரலன்னு உங்ககிட்ட சொன்னேன்லா...

— ஆமா.

— சேரும் மாமா. எனக்கும் அதேதான். டாட்டூ போட்டிருக்கியளான்னு நர்ஸு கேட்டா. அந்த நங்கூரம் குத்திப் பத்து நாளுதான் ஆயிருந்துச்சு. எடுக்க மாட்டோம்னுட்டாங்க. சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் வளத்தீங்க. இந்த ரூமைத் திறந்து கொடுத்தீங்க. எனக்கு வாய் வரல. நீங்க அன்னைக்கு ஆத்தூருக்கு வெத்தலை எடுக்கப் போயிட்டீங்க, இங்க நடந்தது உங்களுக்குத் தெரியாது. தெரியாம நீட்டுற கையில அவ பேரை நான் குத்த மாட்டேன். ரூம் சாவி மேசையில இருக்கு. எடுத்துட்டுப் போங்க மாமா.

— உக்காரு... நான் ஆத்தூருக்குப் போவல. ஆஸ்பத்திரி வாசல்லதான் நின்னேன். அந்தக் குரூப்பே அவளுக்கு என்கிட்ட இருந்துதான வந்துச்சு. ரத்தம் எடுக்குற ரூமை எட்டிப் பாத்தேன். ஒருத்தன் கையில ஊசியச் சொருவிக்கிட்டு இருந்தாங்க. காலு தன்னால படியிறங்கிட்டு... போனையும் அமத்திட்டேன். சாவிய நீயே வையி. இந்தக் கை மரத்துப்போச்சு மாப்ள. கிரீம் தடவாத அந்தக் கையில குத்து. முழுப்பேரையும்.