ரெண்டு கடைக்கும் ஒரே விக்கி

இல்ல தம்பி, நீங்க சொன்னது புரியாம இல்ல. இந்த விக்கியை நெட்ல எவனோ கம்பெனிக்காரன் இடத்துல போட்டா மாசாமாசம் வாடகை, ரிப்பேர் அவன் பாத்துப்பான். நம்ம கம்ப்யூட்டர்லயே போட்டா வாடகை கிடையாது, ஆனா கெட்டுப் போனா நம்ம தலைவலி. எப்படிப் போட்டாலும் விக்கின்னா கம்ப்யூட்டர்ல ஒரு பொது நோட்டு மாதிரி, ரெண்டு கடைப் பசங்களும் எழுதலாம், திருத்தலாம். சரிதானே? வாரா வாரம் கேட்டுக் கேட்டு நானே இந்தத் தொழிலுக்கு வந்துடலாம் போல.

உட்காருங்க, ஏன் நிக்கிறீங்க. என் பசங்க வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு பேசணும்.

பெயின்ட் கடைன்னா எந்தக் கலருக்கு எதை எவ்ளோ கலந்தோம்னு எழுதி வைக்கணும்ல? பெரியவன் அவன் கடைக் கணக்கைப் போன்ல வச்சிருந்தான், சின்னவன் அவன் கடையோடதை மண்டைல வச்சிருந்தான். ஒரு டாக்டரம்மா, ரெண்டு கடைலயும் ஒரே பேர்தானே போர்டுல இருக்குன்னு, பாதிச் சுவருக்கு இவன்கிட்டயும் மீதிக்கு அவன்கிட்டயும் வாங்கிட்டாங்க. ஒரே ஹால்ல ரெண்டு பச்சை. நேரா என்கிட்ட வந்து கத்துறாங்க. நான் எந்தப் பச்சைக்கு மன்னிப்பு கேக்குறது, சொல்லுங்க.

அப்புறம் நான்தான் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, எல்லாக் கலவையையும் ஒரே இடத்துல எழுதி வைக்க வழி பண்ணித் தர உங்களையும் வரச் சொன்னேன். பெரியவன் வாடகையே போதும், தொல்லை இல்லங்கிறான். சின்னவன், நம்ம கலவையை எவன் வீட்டுலயோ ஏன் வைக்கணும், நாளைக்கு அவன் மூடிட்டுப் போனா என்ன பண்றதுங்கிறான். ரெண்டும் நியாயமாத்தான் படுது. அம்மா முடிவு பண்ணட்டும்னு என் தலைல கட்டிட்டானுங்க, அதுல மட்டும் ஒத்துமை. நான் ஒருத்தன் பக்கம் சாஞ்சா இன்னொருத்தன் மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டுப் போயிடுவான்.

ஆமா, நீங்க சும்மா போட்டுப் பாக்கக் குடுத்த ட்ரையல் இன்னையோட முடியுதுன்னு தெரியும். இன்னைக்குச் சொல்றேன்னுதான் சொன்னேன், போன வாரமும் அதையேதான் சொன்னேன். கோச்சுக்காதீங்க, உங்க பொழப்பு கெடுதுன்னு எனக்கே வருத்தமா இருக்கு.

வேற வழி தெரியல தம்பி. அவங்க அப்பா போனதும் கடையைப் பிரிச்சாங்க, அன்னைலேருந்து பேச்சுவார்த்தை இல்ல. ஒருத்தன் வண்டி வாசல்ல நின்னா இன்னொருத்தன் அப்படியே திருப்பிட்டுப் போயிடுவான். இந்த விக்கிச் சண்டை வந்தப்புறம்தான் ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேரும் இந்த மேஜைக்கு வர்றாங்க. கத்துறாங்கதான், ஆனா ஒரே ரூம்ல உக்காந்து கத்துறாங்க. போன வாரம் சின்னவன் சாப்ட தட்டையும் சேத்துப் பெரியவன் எடுத்துட்டுப் போய்க் கழுவினான்.

கேட் சத்தம் கேக்குது, பெரியவன்தான். மூணாவதா ஏதோ ஒரு வழி இருக்கு, விசாரிச்சுட்டு அடுத்த வாரம் சொல்றேன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்களேன்.