சமையலறைக் கடிகாரம்

– ஏங்க, மூணு நாளா இது எட்டு இருபதையே காட்டிக்கிட்டு நிக்குது. இதை நம்பி நேத்து பஸ்ஸை விட்டுட்டேன்.

– நின்னுபோன கடிகாரத்தை நம்பற டீச்சர் நீ ஒருத்திதான். உன் பசங்க பாவம்.

– சிரிங்க. பேட்டரி வாங்கிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?

– இந்தா, இப்பவே ஓடவைக்கிறேன். ஸ்டூலைப் பிடி. ம்... ஓடுது பாரு. போதுமா டீச்சரம்மா?

– பேட்டரி ஏது?

– என் வேலைப் பையில இருந்துச்சு.

– அப்ப உங்களுக்கு?

– இன்னிக்குத் தேவைப்படாது. சாயங்காலம் வர்றப்ப ஒண்ணு வாங்கிப் போட்டுக்கறேன்.

– இன்னிக்கு எங்க?

– பிஸ்கட் கம்பெனி. மாவு ஒட்டின பெல்ட்டையெல்லாம் ஐஸால அடிச்சு சுத்தம் பண்ணணும். பெரிய ஹால், ரெண்டு பக்கமும் கதவு.

– அந்த ஐஸ் பேரைக் கேட்டாலே எனக்குப் பயமா இருக்கு.

– கரியமில வாயுவை உறையவச்சது, அரிசி அரிசியா இருக்கும், அவ்வளவுதான். காத்து வேகத்துல போய் அடிக்கும், அழுக்கு உரிஞ்சு விழும், ஐஸ் ஆவியாப் போயிடும். ஒரு சொட்டுத் தண்ணி மிஞ்சாது.

– அப்ப நம்ம அடுப்பையும் ஒரு நாள் அடிச்சுக் குடுங்க.

– அடிச்சா அடுப்போட சேர்ந்து நீயும் பக்கத்து வீட்டுல போய் விழுவே.

– அந்த ஆவி எங்கதான் போகும்?

– கதவு திறந்திருந்தா வெளிய போகும்.

– இல்லேன்னா?

– தண்ணி மாதிரி கீழயே தங்கும். மூச்சு முட்டும். அதுக்குத்தான் காத்தை அளக்கற மீட்டர் வச்சிருக்கோம், ஆவி ஏறினா கத்தும். கிளம்பு, மணியைப் பாரு. இப்பதான் ஓடுதே!

*

– ஹலோ, சாப்டாச்சா? எனக்கு இப்பதான் சாப்பாட்டு மணி அடிச்சுது.

– இன்னும் இல்லை. ஹால் முடிஞ்சுது. பிஸ்கட் சுடற அடுப்புக்கு அடியில ஒரு குழி. அதையும் அடிச்சுட்டா நாளைக்கு வர வேண்டாம்.

– குழியா? காலைல ஹால்னுதானே சொன்னீங்க?

– சூப்பர்வைசர் இப்பதான் கேட்டாரு. மூணு மணிக்கு அடுப்பைப் பத்தவைக்கணுமாம். பத்து நிமிஷ வேலை.

– மீட்டர் இருக்கா?

– இடுப்புலதான் தொங்குது.

– கத்தலையே?

– சத்தமே இல்லை.

– ஏன் இழுத்து இழுத்துப் பேசறீங்க? மூச்சு வாங்குதா?

– ஏணியில ஏறி இறங்கினேன்ல.

– இப்ப உள்ளயா இருக்கீங்க?

– பாதி முடிச்சாச்சு. என் ஹெல்பர் பையன் ஒல்லி, ஐஸ் எடுக்க வண்டிக்குப் போயிருக்கான். அவன் வந்ததும் மீதி.

– மேல வாங்க. இப்பவே.

– தலைதான் லேசா வலிக்குது...

– ஏறுங்கன்னு சொல்றேன்ல!

– சரி டீச்சர், ஏறறேன். இரு, ஹோஸ் கால்ல மாட்டிக்கிச்சு...

– எடுத்துட்டீங்களா? ஏங்க? என்ன விழுந்துச்சு? ஏதாவது பேசுங்க. ஏங்க!

*

– உள்ள வா தம்பி. ஒல்லி, ஒல்லின்னுதான் எப்பவும் உன்னைச் சொல்வாரு.

– அவர் பையைக் குடுக்கலாம்னு வந்தேன் அக்கா. ஒரு மாசமா வண்டியிலயே கிடந்துச்சு. எடுத்துட்டு வர மனசு வரலை.

– நீ வண்டிக்குப் போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆச்சு?

– ஆறு நிமிஷம். ஏழு இருக்கும். வந்து எட்டிப் பார்த்தேன்... இறங்கப் போனேன் அக்கா, சூப்பர்வைசர் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டாரு. மேல நின்னு கத்தத்தான் முடிஞ்சுது.

– நீ கத்தினது கேட்டுச்சு. போன் கட்டாகலை. இறங்கியிருந்தா இன்னிக்கு நீயும் வந்திருக்க மாட்டே. விடு. ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த மீட்டர் ஏன் கத்தலை? கெட்டுப்போச்சா?

– கெடலை அக்கா. விசாரணைக்கு வந்தவங்க பின்பக்கம் திறந்து பார்த்தாங்க. ரெண்டு பேட்டரி போடற இடத்துல ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியலை. அக்கா? என்ன அங்கேயே பாக்கறீங்க? தண்ணி கொண்டு வரட்டுமா? நான் சொல்லியிருக்கக் கூடாது.

– இல்லப்பா. நான்தானே கேட்டேன். உனக்கு எத்தனை மணிக்கு பஸ்?

– பத்தே முக்காலுக்கு. இந்தக் கடிகாரத்துல பத்து இருபது காட்டுது. சரியான மணிதானா அக்கா?

– சரிதான். அன்னிலேருந்து ஒரு நிமிஷம்கூடப் பிசகலை.