கதவுக்கு இரண்டாவது கோட்டிங்

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது அதை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், ஐயா. யாரும் கழுவுவதில்லை. உப்புக்காற்று தகரத்தைத் தின்ற பிறகு கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள்.

எங்கள் கேரவன் அப்படியில்லை. அக்காள் எழிலரசியின் வீட்டுக்காரர் கலியமூர்த்தி மாமா வாங்கியது. சிதம்பரம் கோயிலுக்கும் பிச்சாவரத்துக்கும் வருகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவார். உள்ளே கட்டில், அடுப்பு, ஏசி எல்லாம் அவர் பொறுப்பு. வெளிப்புறம் என் பொறுப்பு. தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்தே நின்ற வண்டி அது. ஒரு பொட்டுத் துரு ஏற விட்டதில்லை.

போன மாதம் மாமா அதை விலை பேசி முடித்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமும் இல்லை.

"நல்லா பெயின்ட் அடிச்சுக் குடு மச்சான். நாளைக்கு வந்து எடுத்துக்குவாங்க. உப்பும் ஐஸும் போட்டு மீன் ஏத்தப் போறாங்களாம்" என்றார்.

சரி என்றேன்.

அவர் சாப்பிட்டுவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள்ளேயே படுத்தார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிதர், மதியத் தூக்கம் விடமாட்டார். நான் வேலையை ஆரம்பித்தேன். ஜன்னல்களில் பேப்பர் ஒட்டினேன். கூரையில் காற்றுப் போகும் துவாரத்தை பிளாஸ்டிக் தாளால் மூடினேன். கதவு காற்றில் ஆடக் கூடாதே என்று வெளிக்கொண்டியைப் போட்டேன். இருந்தது ஒரே பிளக். ஏசியைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் பீய்ச்சுகிற கம்ப்ரசரை மாட்டினேன். எந்தப் பெயின்டரும் இப்படித்தான் செய்வான்.

சித்திரை வெயில். கதவை அடித்து முடித்த நேரம் உள்ளேயிருந்து தட்டினார்.

"கரண்டு போயிடுச்சா மச்சான்? மூச்சு அடைக்குது. கதவத் தொற."

"பெயின்ட் காயல மாமா. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"நெஞ்சு வலிக்குதுடா."

ஈரப் பெயின்டில் கை பட்டால் அச்சு விழும். சுரண்டிவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். அதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. தட்டுவது குறைந்தது. அப்புறம் நின்றது. அதற்குள் கதவும் காய்ந்துவிட்டது.

"சத்தமே கேக்கலயாடா உனக்கு?" என்று அக்காள் அழுதாள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லிவைத்தேன். உங்களிடம் எதற்குப் பொய்? எல்லாம் கேட்டது. காய்ந்த பிறகும் நான் திறக்கவில்லை. இரண்டாவது கோட்டிங் அடித்தேன்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் செய்தான் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. ஆத்திரப்பட்டவனுக்குக் கை நடுங்கும். அந்தக் கதவைப் போய்ப் பாருங்கள், ஓர் இடத்திலாவது பெயின்ட் வழிந்திருக்கிறதா என்று.