இங்கிரிட் வரும்வரை

விரிப்புகளை நான் யாரிடமும் துடைக்கக் கொடுப்பதில்லை, இன்ஸ்பெக்டர் முகுந்தன். பிள்ளைகள் கன்னம் வைத்துப் படுக்கிற இடம். மருந்து வாசம்கூட இருக்கக் கூடாது என்று வெந்நீரில் துணியை முக்கி நானே துடைப்பேன். என்னைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சாந்தமேரி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் பதினொரு வருடமாக நிலையம் நடத்துகிறேன். சைக்கோமோட்டர் தெரபி. உடலைப் பழக்கினால் மனமும் பழகும்; மனம் பயந்தால் உடல் நின்றுவிடும். அவ்வளவுதான் அந்தப் படிப்பு. இந்த ஊரில் அதை விளக்கி விளக்கி என் வாய் வலித்துவிட்டது. கடைசியில் “மசாஜ்தானே டீச்சர்?” என்று கேட்பார்கள்.

அதனால்தான் அந்தப் பன்னாட்டுக் கூட்டமைப்பில் சேர ஆசைப்பட்டேன். பல நாட்டுத் தெரபிஸ்டுகள் ஆளுக்கொரு பிள்ளையின் முன்னேற்றத்தை வீடியோவாகப் பகிர்ந்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வார்கள். என் மின்னஞ்சல்களெல்லாம் பல வருடம் கிணற்றில் போட்ட கல்லாகத்தான் கிடந்தன. ஒருவழியாகப் பதில் வந்ததும், தனேஷ் என்ற பையன் நடக்கத் தொடங்கிய வீடியோவை அனுப்பினேன். அழகு, ஆனால் சிகிச்சைக்கு முந்தைய நிலையை எங்கள் ஆள் நேரில் வந்து பதியவில்லை, ஏற்க முடியாது என்றார்கள். அடுத்து கேரித் தீவுப் பெண்பிள்ளை ஒருத்தி. அதற்கும் அதே பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை நடப்பதைக் கண்ணால் பார்க்கிறார்கள், இருந்தும் முதல் வீடியோ இல்லையாம்.

ருமானா ஜனவரியில் வந்தாள். ஆறு வயது. அவள் அம்மா நஸீமா கிள்ளானிலிருந்து ரயிலில் கூட்டி வருவார். சுவரோரக் கம்பியைப் பிடித்தால் நிற்பாள், விட்டால் உட்கார்ந்துவிடுவாள். கூட்டமைப்பிலிருந்து இங்கிரிட் என்பவர் பிப்ரவரியில் வந்து முதல் வீடியோ எடுப்பதாக ஏற்பாடு. பிப்ரவரி ஜூன் ஆனது. ஜூன் செப்டம்பர் ஆனது. அவர்களுக்கு ஏதோ கூட்டம், பிறகு கோடை விடுமுறை. அதுவரை பிள்ளையைச் சும்மா வைத்திருக்க முடியுமா? பயிற்சியைத் தொடங்கிவிட்டேன். அதுதான் நான் செய்த தவறு.

மே மாதம் நஸீமா சிரித்துக்கொண்டே வந்தார்.

“டீச்சர், நேத்து சோஃபாவ விட்டுட்டு மூணு அடி நடந்துட்டா லா. அவ வாப்பா அழுதுட்டாங்க.”

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இங்கிரிட் வர இன்னும் நான்கு மாதம் இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

“அவசரப்படக் கூடாதும்மா. தசை இன்னும் ரெடியாகல. வீட்டுல நடக்க விடாதீங்க, ஸ்ட்ரோலர்லயே வெச்சிருங்க.”

“ஓகே டீச்சர். நீங்க சொன்னா சரிதான்.”

ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க வேண்டாமா? வகுப்பில் அவள் கம்பியை விடும்போதெல்லாம் மடியில் உட்கார வைத்துக் கதை சொன்னேன். நல்ல கதைகள். ஆனால் அவள் பிடிவாதக்காரி. ஆகஸ்டில் ஒரு நாள் காலை, நடைப்பலகை மேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், பாருங்க, நா எதையும் புடிக்கல.”

பலகையின் ஓரம் என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. கொஞ்சம்தான் அசைத்தேன்.

மோவாயில் மூன்று தையல். “நீங்க அப்பவே சொன்னீங்க டீச்சர், நாங்கதான் வீட்டுல ரெண்டு தடவ நடக்க விட்டுட்டோம்” என்று நஸீமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருக்கு மைலோ கலக்கிக் கொடுத்தேன்.

செப்டம்பரில் இங்கிரிட் வந்தார். ருமானா விரல் வெளுக்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். இவ்வளவு தெளிவான தொடக்க நிலையைப் பார்த்ததில்லை என்றார் இங்கிரிட். அந்த வாரமே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு முழு மனதோடு உழைத்தேன். எவ்வளவு கெஞ்சியும் அவள் கம்பியை விடவில்லை. டிசம்பரில் நிற்கவே மறுத்துவிட்டாள். குதிகால் தசைநார் சுருங்கிவிட்டது, அறுவை செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்கிறார்களாம் ஆஸ்பத்திரியில். எனக்கும் வருத்தம்தான்.

அறை மூலையில் இருக்கிற கேமரா கூட்டமைப்பின் விதிப்படி, விண்ணப்பித்தபோதே வைத்தது. எல்லா வகுப்பும் பதிவாகும், எதையும் அழிக்கக் கூடாது, சேர்ந்தபின் பழையதையும் பகிர வேண்டும். ஆகஸ்ட் பதிவையும் நான் மறைக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கிரிட் உங்களுக்கு எழுதினார். சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்குள் ஒளிவுமறைவு கூடாது.

மே மாதமே நடந்த பிள்ளையை நிறுத்தி வைத்தது நான்தான். பலகையை அசைத்ததும் நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நஸீமாவிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். ருமானாவின் புதன்கிழமை பத்து மணி வகுப்பை நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. முதல் வீடியோதான் நன்றாக அமைந்துவிட்டதே. இனி அவள் நடக்கலாம்.