வெந்நீரில் ஒரு முக்கு

எங்கள் ஊர் பாலாவில் ஜூன் மழைக்கு எதை நட்டாலும் பிடித்துக்கொள்ளும் ஃபாதர். குடைக்கம்பைக் குத்தி வைத்தால்கூட இலை விடும். அப்படிப்பட்ட மண்.

நான் பின்ஸிக்கு வைத்த விருந்தைப் பற்றித்தான் நீங்கள் கேட்க வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். அவள் புருஷன் சர்ச்சுக்கு வந்து அழுதானாம். பங்குச் சாமியார் நீங்களே வீடு தேடி வந்து கேட்கும்போது நான் மறைக்கப்போவதில்லை. முறையாகவே சொல்கிறேன்.

வராந்தாவில் அந்தப் பிகோனியாவைப் பார்த்தீர்களா? நத்தை ஓடு மாதிரி உள்ளுக்குள் சுருண்டு போகிற இலை, மேலே வெள்ளிப்பூச்சு, ஓரத்தில் ஒயின் சிவப்பு. மூணாறில் ஒரு பங்களாத் தோட்டக்காரரைக் கெஞ்சி வாங்கியது. அதற்கு முன்பு என் வீட்டுக்கு வந்தவர்கள் பால்காரரும் மின்சார மீட்டர் பார்ப்பவரும்தான். செடி வந்த பிறகு தெருவே வந்தது. அடுத்த தெரு லில்லிக்குட்டி அச்சு முறுக்கோடு வந்தாள்.

"திரேசியா சேச்சி, எனக்கும் ஒரு கன்னு குடுங்களேன்."

கொடுத்தேன். யாருக்கும் நான் இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், கன்று வாங்கிப்போனவள் மறுபடி எதற்கு வரப்போகிறாள்? கல்யாணப் பத்திரிகை வைக்க வருவாள், அவ்வளவுதான். அதனால் கொடுப்பதற்கு முன்னால் அடுக்களைக்குக் கொண்டுபோய், வேரை வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, காகிதத்தில் சுற்றிக் கொடுப்பேன். இலை கொஞ்ச நாள் ஜோராக நிற்கும். பிறகு தலை தொங்கிவிடும். தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

"இதுவும் போயிருச்சு சேச்சி. என் கைதான் ராசியில்லாத கை போல."

"அழாதடி லில்லி. உன் வீட்டு வெயில் சரியில்ல. உட்காரு, வேற தரேன்."

உட்காருவாள். சாயங்காலம் வரை பேசுவோம். அவள் மருமகளுக்கு மீன்கறியில் குடம்புளி போடத் தெரியாது என்பதுவரை எனக்குத் தெரியும். செடி பிழைத்திருந்தால் இந்தச் சிநேகம் உண்டாகியிருக்குமா? திரேசியா கையில் மட்டும்தான் அது வளரும் என்று ஊர் சொன்னது. நான் மறுக்கவில்லை. என்னைப் பற்றி நானே பேசுவது எனக்குப் பிடிக்காது.

அப்போதுதான் கட்டப்பனையிலிருந்து பின்ஸி குடிவந்தாள். வாய் ஓயாத பெண். அவளுக்கும் ஒரு கன்று கொடுத்தேன். கொஞ்ச காலம் கழித்து லில்லிக்குட்டி வருவது நின்றது. பிறகு மற்றவர்களும். ஒரு மத்தியானம் பின்ஸியே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"சேச்சி, நீங்க குடுத்த கன்னு செத்துப்போச்சு. அன்னைக்கு உங்க வராந்தாவில உதிர்ந்து கிடந்த இலை ஒண்ண எடுத்துட்டுப் போய் நட்டேன் பாருங்க, அது வேர் விட்டுக் காடா வளந்துருச்சு. வேணுங்கிறவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்துட்டேன்."

"நல்ல காரியம்."

"செத்ததைப் பிடுங்கிப் பாத்தா வேரு வெந்த கப்பைக்கிழங்கு மாதிரி வழவழங்குது. என்ன சேச்சி, சூப்பு வச்சீங்களா?"

நானும் சிரித்தேன்.

"ஞாயித்துக்கிழமை சர்ச் செடிக் கண்காட்சியில மைக்கப் பிடிச்சுச் சொல்லப்போறேன். லில்லிக்குட்டி சேச்சி மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்."

"தாராளமாச் சொல்லு மோளே. அதுக்கு முந்தி நாளைக்குச் சாப்பிட வா. சேம்பிலையைத் தேங்காய் போட்டு வதக்கித் தோரன் வைக்கிறேன்."

கிணற்றடியில் பெரிய இலையில் வெள்ளைப் புள்ளி தெளித்த செடி ஒன்று நிற்கிறது. அழகுக்கு வைத்தது. போன வருஷம் அதைக் கடித்த பக்கத்து வீட்டு ஆடு ரொம்ப நேரம் கத்தவே இல்லை. அது ஞாபகம் வந்தது. சேம்பிலையோடு அதிலும் ஒன்றைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தேன். ஒன்றே ஒன்று. தேங்காயைத் தாராளமாகத் துருவினேன். விருந்தில் கஞ்சத்தனம் பார்க்க மாட்டேன். எனக்குப் பயற்றுத் தோரன் தனியாக இருந்தது.

"சேச்சி, தோரன் நல்லா..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. உதடும் நாக்கும் அப்பம் மாதிரி உப்பிவிட்டன. நான்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க அவள் கையை விடவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சு வரத்தான் நாளாகும் என்றார் டாக்டர். கண்காட்சி அது பாட்டுக்கு நடந்து முடிந்தது.

அவள் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லையே என்று நானே அடுப்பிலிருந்து இறக்கிய கெட்டிலோடு போய் ஊற்றிவிட்டு வந்தேன். லில்லிக்குட்டி வீட்டுக்கும் போனேன். அவள் ஊரில் இல்லை. அக்கம்பக்கத்துக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொண்டுபோகிறேன். நான் பேசுவேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். நேற்று என்னைக் கண்டதும் கட்டிலில் சுவரோடு சுவராக ஒட்டி நகர்ந்துகொண்டாள். நான் உட்கார இடம் விடுகிறாள் ஃபாதர். அவ்வளவு நல்ல மனசு.