நாலு மணிக்கு வர்றவரும் உடும்பும்

"'உங்க உடும்பு என் மொட்டை மாடிக்கு வந்து, காயப்போட்ட போர்வை மேல படுத்துக்கிட்டு என்னையே முறைக்குது!' இதத்தானே பக்கத்து வீட்டம்மா உங்க ஃபாரஸ்ட் ஆபீசுக்கு போன் பண்ணிச் சொன்னாங்க? காலைல காம்பவுண்டு சுவத்துக்கு மேல எட்டிப் பார்த்து மூணு தடவை கத்துனாங்க, அதான் வார்த்தை மாறாம சொல்றேன். உங்க உடும்பாம்! நான் என்ன கழுத்துல பட்டை கட்டி, பேர் வெச்சா கூட்டிட்டு வந்தேன்? உள்ள வாங்க தம்பி. அந்தக் கொக்கிக் கம்பிய மட்டும் சுவத்துல சாய்க்காதீங்க, கோடு விழும்.

பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்கு அடியில இருக்கு. குனிஞ்சா வால் தெரியும். மெதுவா! வாலால வீசுச்சுன்னா சாட்டையடிதான். எங்க வீட்டுக்காரர் வாங்கினாரே! ஏற்கெனவே முழங்கால் வலி, இப்ப ஒரு சாக்கும் கிடைச்சாச்சு, ரெண்டு வாரமா கட்டிலை விட்டு எறங்கல. அவர் தம்பி ஒருத்தர், காலேஜ்ல கெமிஸ்ட்ரி வாத்தியார்... 'அண்ணி, அந்த உடும்பையே பிடிச்சு எண்ணெய் எடுத்துத் தேய்ச்சா அண்ணன் எழுந்து ஓடுவாரு'ங்கறார்! 'எங்க ஓடுவாரு, உடும்பைக் கொன்ன கேசுல ஜெயிலுக்கா?'ன்னு கேட்டேன். மாவு மில்லுக்காரர் இன்னும் மேல. உடும்புக்கறி தின்னா உடம்பு இரும்பாயிடுமாம். சொல்ற ஆளு பலமா ஒரு தும்மல் போட்டா தூணைப் பிடிச்சுக்கணும்!

என்ன தம்பி, நிமிந்துட்டீங்க? முட்டை ஓடா? ஆமா, கிடக்குது. உரத்துக்குப் போட்டேன். செடி எங்கயா? ஏன்... செடி வெச்சாத்தான் உரம் போடணுமா? நீங்க உடும்பு பிடிக்க வந்தவரா, போலீசா?

சரி. வெச்சேன். தினம் ரெண்டு முட்டை. போன மாசம் நீங்க வந்தப்ப 'இங்க உடும்பே இல்ல'ன்னு வாசலோட திருப்பி அனுப்பினதும் நான்தான். போதுமா?

பின்ன என்ன செய்யறது? பதினெட்டு வருஷமா குடியிருக்கற வீடு. ஓனர் திடீர்னு விக்கப்போறேங்கறார். வாங்கறவன் முதல்ல எங்களத்தானே வெளிய அனுப்புவான்? இந்த முழங்காலோட எங்க வீட்டுக்காரர் மாடி வீட்டுக்கா ஏறுவாரு? தரைவீடு தேடித் தேடி செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். அப்பத்தான் இது வந்துச்சு. வீடு பார்க்க வந்த முதல் குடும்பம், 'ஐயோ, உடும்பு நுழைஞ்ச வீடு உருப்படாது'ன்னு பாதி காபியோட எந்திரிச்சு ஓடுச்சு. ரெண்டாவது ஆளு செருப்பைக்கூட மாத்திப் போட்டுக்கிட்டுப் போனாரு. நான் கான்வென்ட்ல படிச்சவ தம்பி, இந்தச் சகுனத்தையெல்லாம் நம்ப மாட்டேன். ஆனா அத நம்பற ஜனங்கள நல்லா நம்புவேன்.

மூணாவதா வந்தாரு பாருங்க, பெயின்ட் கடைக்காரர். நானே கூட்டிட்டுப் போய்க் காமிச்சேன், என் வாயாலயே 'ரெண்டு மாசமா இங்கதான் இருக்கு'ன்னேன். அந்த மனுஷன் கல்லைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடறாரு! அவங்க ஊர்ப்பக்கம் உடும்பு தானா வந்து தங்கற வீடு அதிர்ஷ்ட வீடாம். எத்தனை ஜனம், எத்தனை பைத்தியம்! எல்லாம் சேர்ந்து என் தலையிலயா விடியணும்? இன்னிக்கு நாலு மணிக்கு அவங்க அப்பாவக் கூட்டிட்டு வராரு. பெரியவர் கண்ணால உடும்பைப் பார்த்துட்டா நாளைக்கே ரிஜிஸ்டராம். பார்க்கலேன்னா வேண்டாமாம். அதான், இப்ப நீங்க வந்ததும் நல்லதாப் போச்சுன்னு...

என்னது? முட்டைய நிறுத்தினா பத்து நாள்ல தானாப் போயிடுமா? பத்து நாளா! மணி மூணே முக்கால் தம்பி! ஏன் கோணியை மடிக்கறீங்க? வீட்டுக்குள்ள வராத உடும்பைப் பிடிக்கக் கூடாதுன்னு ரூலா? உள்ள வரவெச்சுட்டா? ரெண்டே நிமிஷம், அடுப்படிக் கதவைத் திறந்து ஒரு முட்டை... தம்பி! தம்பி, கொஞ்சம்... வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டார். போகட்டும்! இவ்வளவு பெரிய கம்பி, அதுல ஒரு ஒட்டடைகூட அடிக்க முடியாது!

ஏய். நீ ஏன் வெளிய வர்ற? வெயில் காய உனக்கு இந்த நேரம்தான் கிடைச்சுதா? கல்லு மேல வேற ஏறி உக்காந்துட்டியா, போட்டோவுக்கு நிக்கற மாதிரி! இங்க பாரு, வாசல்ல கார் வந்து நின்னாச்சு. பெரியவர் இருமறது கேக்குது. உன்னை நான் ஒரு நாளாவது பட்டினி போட்டிருக்கேனா? உள்ள இருக்கற மனுஷனுக்கு நடக்க முடியாதும்மா... அரை மணி நேரம், கல்லுக்கு அடியில போய்ப் படுத்துக்கோ. அரை மணி நேரந்தான். ப்ளீஸ்..."